‘போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்’: ஒரே படத்துக்கு ஏன் இரண்டு கட்சி?

கேள்வி இது: செலின் சியாமா இயக்கி 2019இல் வந்த இந்தப் பிரெஞ்சுப் படத்தைச் சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். சிலர் அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ரொம்ப மெதுவு, பின்னணி இசையே இல்லை, காதல் எப்போது வந்ததென்று தெரியவில்லை, வரலாற்றோடு ஒட்டவில்லை என்று நான்கைந்து குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் எது நியாயம்? பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். குறை சொல்பவர்களின் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, அவர்கள் சொல்வது பெரும்பாலும் திரையில் இருப்பதுதான். அவற்றில் பாதி, இயக்குநர் தெரிந்தே எடுத்த முடிவுகள். ஒன்றிரண்டு நிஜமான ஓட்டைகள். எது எந்த ரகம் என்று பிரித்துக்கொண்டால் படம் பிடிக்குமா பிடிக்காதா என்பதை நீங்களே முன்கூட்டி ஊகித்துவிடலாம். முடிவு வரை பேசாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கதை தெரியக்கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை சின்னது. 1770, பிரான்ஸின் மேற்குக் கோடியில் பிரித்தனி கடற்கரை. எலொயீஸ் (அதெல் எனெல்) கன்னியாஸ்திரி மடத்திலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு அழைத்துவரப்பட்டவள். அக்கா பாறை உச்சியிலிருந்து விழுந்து இறந்ததால், அக்காவுக்குப் பேசியிருந்த மிலான் நகரத்து மாப்பிள்ளை இவள் தலையில் விழுகிறான். கல்யாணம் உறுதியாக மாப்பிள்ளைக்கு ஓவியம் போகவேண்டும். நம்மூரில் போட்டோ அனுப்புவது மாதிரிதான். ஓவியம் முடிந்தால் கல்யாணமும் முடிவாகிவிடும் என்பதால் எலொயீஸ் உட்கார மறுக்கிறாள். முன்னால் வந்த ஓவியர் முகமில்லாத படத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனவே தாய் (வலேரியா கொலினோ) மரியான் என்ற பெண் ஓவியரை (நோயெமி மெர்லான்) நடைத்துணை என்று சொல்லி வரவழைக்கிறாள். பகலில் கூட நடந்து, முகத்தை மனதில் பதித்து, இரவில் திருட்டுத்தனமாக வரைய வேண்டும். நான்காவது ஆள், பணிப்பெண் சோஃபி (லுவானா பஜ்ராமி). கிட்டத்தட்ட இவ்வளவுதான் பாத்திரங்கள்.

மெதுவு என்ற புகாரிலிருந்து தொடங்கலாம். படம் இரண்டு மணி நேரம். எலொயீஸின் முகம் நமக்குக் காட்டப்படுவதற்கே ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகிறது. முதலில் பின்னாலிருந்து கறுப்பு அங்கி மட்டும். நடக்க நடக்க தலைமூடி சரிந்து பொன்னிற முடி தெரிகிறது. திடீரென்று பாறை விளிம்பை நோக்கி ஓடுகிறாள். அக்கா இறந்த கதையை நாம் அறிந்திருப்பதால் வயிற்றைக் கலக்குகிறது. விளிம்பில் நின்று, திரும்பி, இதற்காகப் பல வருடம் ஏங்கியதாகச் சொல்கிறாள். சாவதற்கா என்று மரியான் கேட்க, ஓடுவதற்கு என்கிறாள். அந்த முகத்துக்காக மரியான் எவ்வளவு காத்திருந்தாளோ அவ்வளவு நேரம் நம்மையும் காக்க வைத்திருக்கிறார்கள். ஓவியருக்கு அவசரமில்லாமல் பார்க்க நேரமும் இல்லை, வெளிப்படையாகப் பார்க்க உரிமையும் இல்லை. காது மடல், கை மேல் கை வைக்கும் விதம் என்று துண்டு துண்டாகத் திருடிச் சேர்க்கிறாள். அந்தத் துண்டுகளை நாமும் சேர்க்காவிட்டால், கடற்கரையில் இரண்டு பெண்கள் நடப்பதைத் தவிர திரையில் வேறொன்றும் இல்லை. கதை அடுத்து எங்கே போகும் என்று எதிர்பார்த்து உட்கார்பவர்களுக்கு முதல் நாற்பது நிமிடம் அறுவையாகத்தான் இருக்கும். இது அவர்கள் தவறு அல்ல, வேறு வகைப் பசியோடு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

காதல் திடீரென்று வந்துவிட்டது என்ற குறையை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது எந்த இடத்தில் வந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். முதல் ஓவியத்தை எலொயீஸிடம் காட்டி, தான் யாரென்ற உண்மையையும் மரியான் சொல்லிவிடுகிறாள். இது நானா, என்னை இப்படித்தான் பார்க்கிறீர்களா என்ற தொனியில் அவள் கேட்க, விதிகள் உண்டு, மரபுகள் உண்டு என்று இவள் சமாளிக்கிறாள். ஆனால் அந்த ஓவியத்தில் உயிரில்லை என்பது இருவருக்கும் தெரிகிறது. மரியான் துணியை எடுத்து முகத்தை அழித்துவிடுகிறாள். தாய் ஊருக்குப் போய் ஐந்து நாளில் திரும்புவதற்குள் புதிதாக வரைய வேண்டும். அப்போதுதான் எலொயீஸ் தானாகவே உட்காரச் சம்மதிக்கிறாள்.

அடுத்து வருவது படத்தின் அச்சாணியான காட்சி. உட்கார்ந்திருக்கும் எலொயீஸிடம், நீங்கள் நெகிழ்ந்தால் கை இப்படிப் போகும், சங்கடப்பட்டால் உதட்டைக் கடிப்பீர்கள், எரிச்சல் வந்தால் கண்ணிமைக்க மாட்டீர்கள் என்று மரியான் ஒப்பிக்கிறாள். ஓவியரின் கர்வம் கொஞ்சம் தெறிக்கிறது. எலொயீஸ் அவளைப் பக்கத்தில் வரச் சொல்கிறாள். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் யாரைப் பார்க்கிறேன் என்று கேட்டு, பதிலுக்கு இவள் பட்டியல் போடுகிறாள்: சொல்ல வார்த்தை கிடைக்காதபோது நெற்றியைத் தொடுவீர்கள், பிடி நழுவினால் புருவம் ஏறும், கலங்கினால் வாயால் மூச்சு விடுவீர்கள். அந்த நிமிடமே மரியானின் வாய் லேசாகத் திறந்திருப்பதைக் கவனியுங்கள். இத்தனை நாள் பார்க்கப்படுபவள் என்று நினைத்தவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். குறிப்பறிதல் என்று நாம் சொல்வது இதைத்தான். இதற்குப் பிறகு முத்தம் வெறும் சம்பிரதாயம். இந்தக் காட்சியை போனில் இன்னொரு வேலை பார்த்துக்கொண்டே கடந்தவர்களுக்குக் காதல் எங்கிருந்து வந்ததென்று புரியாததில் ஆச்சரியமில்லை.

இந்தத் திரைக்கதைக்குத்தான் 2019 கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதை விருது கிடைத்தது. 2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் விமர்சகர்களிடம் எடுத்த எக்காலத்துக்குமான பட்டியலில் இது 30ஆவது இடம். மூன்றே வருடம் வயதான படத்துக்கு அது அதிகமா என்று சண்டை போடலாம், போட்டார்கள்.

சப்டைட்டிலில் தொலைந்துபோகும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பார்ப்பவர்களுக்கு இது எட்டாது. தமிழர்களுக்குச் சொன்னால் உடனே பிடிபடும். பிரெஞ்சில் நம்மைப் போலவே ‘நீங்கள்’ வேறு, ‘நீ’ வேறு: ‘வூ’, ‘த்யூ’. மரியானும் எலொயீஸும் சண்டையிலும் படுக்கையிலும்கூட ‘நீங்கள்’தான். பிரிவு நெருங்கும் இரவில் “வருத்தப்படாதீர்கள், நினைவில் வையுங்கள்” என்பதும் அதே மரியாதைப் பன்மையில்தான். கடைசியில் மரியான் விடைபெற்றுப் படியில் விறுவிறுவென்று இறங்கி ஓடும்போது, பின்னாலிருந்து எலொயீஸின் குரல்: “ரெத்தூர்ன் துவா.” திரும்பு. ‘திரும்புங்கள்’ அல்ல, ‘திரும்பு’. ‘துவா’ என்பது ‘த்யூ’வின் இன்னொரு வடிவம். மரியான் திரும்புகிறாள். வெள்ளை உடையில் எலொயீஸ், கதவு மூடுகிறது, இருட்டு. ஆங்கில சப்டைட்டிலில் அது சாதாரணமான இரண்டு சொல். தமிழில் ஒரே ஒரு விகுதி உதிர்வதில் நடக்கும் காரியம் அங்கே நடந்துவிடுகிறது. எனவே மொழிமாற்றக் குரல் வேண்டாம். பிரெஞ்சு ஒலியோடு பாருங்கள், ‘வூ’, ‘துவா’ இரண்டையும் காது பிடித்தால் போதும்.

தலைப்பிலும் இப்படி ஒரு நழுவல் உண்டு. பிரெஞ்சுத் தலைப்பில் இருப்பது ‘ஜன் ஃபீய்’, அதாவது இளம்பெண், இன்னும் கல்யாணமாகாதவள். ஆங்கிலத்தின் ‘லேடி’ அந்தக் கல்யாணக் கத்தியை மழுக்கிவிடுகிறது.

இசைக்கு வருவோம். பின்னணி இசை இல்லை என்பது உண்மை. படத்தில் பாத்திரங்களின் காதில் விழும் இசை மட்டும்தான் நமக்கும். ஹார்ப்ஸிகார்ட் என்ற பியானோ மாதிரியான பழைய வாத்தியத்தில் மரியான் தட்டுத் தடுமாறி வாசிக்கும், இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் இசை. நெருப்பைச் சுற்றி நின்று ஊர்ப் பெண்கள் கைதட்டிப் பாடும் பாட்டு. கடைசியில் அரங்கில் முழு வாத்தியக் குழுவோடு மறுபடியும் அதே விவால்டி, ‘நான்கு பருவங்க’ளில் கோடையின் புயல் பகுதி. பட்டினி போட்டுப் பிறகு பரிமாறுகிறார்கள். மடத்துச் சங்கீதமும் பிரார்த்தனைப் பாட்டும் தவிர வேறு கேட்டறியாத பெண்ணுக்கு அந்தக் காலத்தில் இசை எவ்வளவு அபூர்வம் என்பது நமக்கு உறைக்க வேறு வழியில்லை. நெருப்புப் பாட்டு பழைய நாட்டுப்புறப் பாட்டு என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, படத்துக்காக உருவாக்கப்பட்டது, வரி லத்தீன். திரும்பத் திரும்ப வரும் ‘ஃபுஜெரெ நோன் போஸும்’ என்பதற்குத் தப்பியோட முடியவில்லை என்று பொருள். பாடிக்கொண்டிருக்கும்போதே எலொயீஸின் பாவாடை நுனியில் தீப்பற்றுகிறது.

இசை இல்லாத இடத்தை நிரப்புவது கரித்துண்டு தாளில் உரசும் ஓசை, மரத்தரையில் காலடி, அடுப்பின் வெடிப்பு, மூச்சு. லேப்டாப் ஸ்பீக்கரில் இவை எதுவும் எழாது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தால் பாதிப் படம் காணாமல் போகும். ஹெட்போன், இருட்டு அறை, முடிந்தால் டிவி. இரவுக் காட்சிகள் மெழுகுவத்தி வெளிச்சத்துக்கு இசைந்தபடி ஒளியமைக்கப்பட்டவை. பகல் வெளிச்சத்தில் போன் திரையில் பார்த்தால் கறுப்பில் கறுப்புதான். ஒளிப்பதிவாளர் க்ளேர் மாத்தோன். சருமத்தின் நிறத்தைப் பார்த்து ஃபிலிமில் எடுத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ரெட் மான்ஸ்ட்ரோ கேமராவில் 8கே டிஜிட்டலில் எடுத்தது. பிரான்ஸின் சேஸார் திரைப்பட விருதுக்குப் பத்துப் பிரிவுகளில் நியமனம் பெற்று, 2020இல் வாங்கியது ஒளிப்பதிவுக்கான ஒன்றை மட்டும்தான். (வெளிக்காட்சிகள் பிரித்தனியின் கிபெரோன் பக்கம், வீட்டின் உள்ளறைகள் பாரிஸுக்குத் தென்கிழக்கே லா ஷப்பெல் கோத்தியே கோட்டைமாளிகை. அந்த வீட்டிலிருந்து படத்தில் வரும் கடல் நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. ஒட்டுத் தெரியவில்லை.)

வரலாற்றோடு ஒட்டவில்லை என்ற குறையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். பெண் ஓவியர் என்பதே கற்பனை என்பவர்களுக்கு ஒரே தகவல் போதும்: கதை நடக்கும் அதே 1770இல் பாரிஸின் அரச ஓவியக் கழகம் ஆன் வலேயே கோஸ்தே, மரி சுசான் ஜிரூ என்ற இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்ட கையோடு, ஒரே சமயத்தில் நான்கு பெண்களுக்கு மேல் கூடாது என்று கதவையும் ஒருக்களித்தது. எலிசபெத் விஜே லெ ப்ரன், அதெலாயித் லபீய் கியார் இருவரும் 1783இல் ஒரே நாளில் உள்ளே போனபோது அந்த நான்கும் நிரம்பியது. ஆண் உடலை வைத்து வரையப் பெண்களுக்கு அனுமதி இல்லை என்று மரியான் சொல்வதும் சரி. காரணம் நாணம் அல்ல, பெரிய விஷயங்களை நாங்கள் வரைந்துவிடக் கூடாது என்பதுதான் என்கிறாள். உடற்கூறு தெரியாமல் புராண, சரித்திரக் காட்சிகள் வரைய முடியாது. அந்த ரகத்துக்குத்தான் அன்று தலை மரியாதை. படத்தின் கடைசியில் வரும் கண்காட்சியில், கிரேக்கப் புராணத்து ஆர்ஃபியஸை வைத்து அவள் வரைந்த ஓவியம் அப்பா பெயரில் தொங்குவதற்கும் இதுவே பின்னணி.

ஓவியம் தெரிந்தவர்கள் சொல்லும் குறை வேறு, அதில் விஷயம் இருக்கிறது. எண்ணெய் வண்ணம் நீரை இழந்து காய்வதில்லை, காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. மெல்லிய பூச்சு தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வரவே இரண்டு மூன்று நாள் பிடிக்கும், தடித்த இடத்துக்கு வாரக்கணக்கு. வார்னிஷ் பூச மாதக்கணக்கில் பொறுக்கவேண்டும். ஐந்தே நாளில் வரைந்து முடித்து, பெட்டியில் வைத்து ஆணியடித்து, மிலானுக்கு அனுப்பினால் வழியிலேயே தூசியும் நாரும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வண்ணம் அப்படி மெதுவாகக் காய்வதுதான் முதல் ஓவியத்தின் முகத்தை ஒரே துணித் துடைப்பில் அழிக்கவும் உதவுகிறது. அந்த இடத்தில் படம் வேதியியலோடு சேர்ந்து நிற்கிறது, பெட்டியடிக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. இன்னொன்று, கேன்வாஸ் பளிச்சென்று வெள்ளையாக இருப்பது. அன்று செம்மண் நிறமோ சாம்பல் நிறமோ அடியில் பூசிவிட்டு வரைவது பரவலான வழக்கம். வெள்ளையில் கறுப்புக் கோடு கண்ணுக்குத் துல்லியம் என்பதால் அப்படி வைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

தூரிகை ஓட்டம் நிஜம். திரையில் நாம் பார்க்கும் ஓவியங்களை வரைந்தவர் எலென் தெல்மேர். நெருக்கக் காட்சிகளில் வரும் கையும் அவருடையது. எனவே நடிகை பாவனை செய்யும் பொய் எங்கும் இல்லை. கரிக்கோடு, அடிநிழல், சதை நிறம் என்று ஒரு முகம் படிப்படியாக எழுவதைப் பார்க்க முடிகிறது. வரைபவர்களுக்கு இதற்காக மட்டுமே படத்தைச் சிபாரிசு செய்யலாம்.

ஆண்களே இல்லையே என்பவர்களுக்கு: இருக்கிறார்கள், தொடக்கத்தில் படகோட்டிகள், கடைசியில் சமையலறை மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் ஒருவன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆண் முகமே பார்க்காமல் பழகிய பிறகு, காலையில் மரியான் இறங்கிவரும்போது அவன் அங்கே இருப்பது திடுக்கென்று இருக்கிறது. அவன் கெட்டவன் கூட இல்லை. ஓவியத்தை எடுத்துப்போக வந்த ஆள்.

எனக்கு நியாயமாகப் படும் குறை சோஃபி சம்பந்தப்பட்டது. தாய் ஊரில் இல்லாத அந்த ஐந்து நாளில் வீட்டு வரிசை கலைந்துபோகிறது. சமையலறை மேசையில் எஜமானி சமைக்கிறாள், ஓவியர் ஒயின் ஊற்றுகிறாள், வேலைக்காரப் பெண் உட்கார்ந்து ஜாடிப் பூக்களைத் துணியில் எம்பிராய்டரி செய்கிறாள். ஒரே சட்டகம், அழகு. ஆனால் 1770இன் பிரபு வீட்டில் இந்தச் சமத்துவம் இவ்வளவு எளிதாக வருமா என்று கேட்பவர்களை வாயடைக்க முடியாது. படத்திடம் இதற்குப் பதில் இல்லை, தாய் திரும்பியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதைத் தவிர. சோஃபி கருவைக் கலைக்கும் காட்சியிலும் இதே இழுபறி. வைத்தியக்காரியின் கட்டிலில் அவள் வலியில் கிடக்க, பக்கத்தில் ஒரு கைக்குழந்தை அவள் முகத்தைப் பிஞ்சு விரலால் தடவுகிறது. மரியான் முகத்தைத் திருப்பிக்கொள்ள, பாருங்கள் என்கிறாள் எலொயீஸ். அன்றிரவே அதை ஓவியமாக்க மீண்டும் நடித்துக் காட்டச் சொல்கிறார்கள். யாரும் வரையத் துணியாத பெண் அனுபவத்தைப் பதிவு செய்வது என்று ஒரு தரப்பு. அப்போதுதான் வலி அனுபவித்த வேலைக்காரப் பெண்ணை மறுபடியும் படுக்கவைப்பது என்ன தோழமை என்று மறு தரப்பு. இரண்டும் அந்தக் காட்சியிலேயே இருக்கின்றன. சோஃபிக்கு என்ன தோன்றியது என்று மட்டும் படம் கேட்கவில்லை; குறை அதுதான்.

வீட்டு நடையில் வெள்ளை உடையில் எலொயீஸ் பேய் மாதிரித் தோன்றி மறைவதைப் பார்த்துக் குழம்புபவர்களும் நிறைய. பேய் அல்ல. முதல் இரண்டு நிமிடத்தைத் தவறவிட்டால் இந்தக் குழப்பம் நிச்சயம்: படம் முழுக்க, பல வருடம் கழித்து மாணவிகளுக்கு மாதிரியாக உட்கார்ந்திருக்கும் மரியானின் நினைவு. பிரியும்போது கடைசியாகக் கண்ட உருவம், நினைவில் முன்கூட்டியே நுழைந்துவிடுகிறது.

இங்கே ஆர்ஃபியஸ் கதை தெரிந்திருந்தால் நல்லது. இறந்த மனைவி யூரிடிசியைப் பாதாளத்திலிருந்து கூட்டிவரும் பாணன், வெளியே வரும்வரை திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது நிபந்தனை. பார்த்துவிடுகிறான், அவள் போய்விடுகிறாள். மூவரும் அடுப்படியில் இதைப் படித்து வாதாடுகிறார்கள். சோஃபிக்குக் கோபம், இதென்ன முட்டாள்தனம் என்று. அவன் காதலனாக அல்ல, கவிஞனாகத் தேர்ந்தெடுத்தான், அவளைவிட அவள் நினைவை எடுத்துக்கொண்டான் என்பது மரியான் கட்சி. அவளே ‘திரும்பு’ என்று சொல்லியிருக்கலாம் என்பது எலொயீஸ் கட்சி. படியில் கேட்ட அந்தச் சொல் இங்கிருந்து வந்ததுதான்.

முடிவு இரண்டு முறை வருகிறது, ஒன்று போதாதா என்பது இன்னொரு புகார். முதலாவது கண்காட்சியில்: கல்யாணமாகிக் குழந்தையோடு நிற்கும் எலொயீஸின் ஓவியம், கையில் புத்தகம், விரல் இடுக்கில் 28ஆம் பக்கம் திறந்திருக்கிறது. மரியான் தன்னுடைய படத்தை வரைந்து கொடுத்த பக்கம் அது. யாரோ ஒரு ஓவியருக்கு முன்னால் உட்கார்ந்து, அவருக்கே தெரியாமல் எலொயீஸ் அனுப்பிய கடிதம். இதோடு முடித்திருந்தால் கச்சிதமாக இருந்திருக்கும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அரங்கக் காட்சியை இழக்க மனம் வராது. எதிர் மாடத்தில் எலொயீஸ் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். விவால்டி தொடங்குகிறது. வெட்டே இல்லாமல் கேமரா இரண்டு நிமிடத்துக்கும் மேல் அவளை நோக்கி மெல்ல நெருங்குகிறது. மூச்சு ஏறி இறங்குகிறது, அழுகை, இடையில் ஒரு சிரிப்பு, மறுபடி அழுகை.

எதிரே மரியான் இருப்பது அவளுக்குத் தெரியுமா என்பதில்தான் ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை என்று மரியானின் குரல் சொல்கிறது. எழுத்துப்படி அதுதான் விடை. தெரிந்தும் திரும்பாமல் இருக்கிறாள் என்பவர்கள் ஆர்ஃபியஸைத் துணைக்கு அழைக்கிறார்கள். இந்த முறை திரும்பாதவள் அவள் என்பது மட்டும் உறுதி.